இரண்டு நாடுகளை ஒப்பிட வேண்டுமா? அடுப்பைப் பாருங்கள்

எந்த நாட்டில் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று பேச்சு வந்தால், நாம் உடனே தேடுவது தனிநபர் வருமானப் பட்டியலைத்தான். நானும் பல வருடங்கள் அப்படித்தான் ஒப்பிட்டேன். எந்த நாடு மேலே, எந்த நாடு கீழே என்று அதில் தெரியும், ஆனால் அங்கே ஒரு குடும்பம் காலையில் எழுந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதில் சமைக்கிறார்கள், பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள் என்பது தெரியாது. அதைக் காட்டும் ஒரு இணையதளம் இருக்கிறது, பெயர் டாலர் ஸ்ட்ரீட். இலவசம்.

ஸ்வீடனின் கேப்மைண்டர் அறக்கட்டளை நடத்துவது இது. மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் தன் மகன், மருமகளுடன் சேர்ந்து 2005-இல் தொடங்கிய அமைப்பு. டாலர் ஸ்ட்ரீட் யோசனை மருமகள் ஆனா ரோஸ்லிங் ரோன்லுண்டுடையது. உலகம் முழுவதும் ஒரே தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கோடியில் மிக ஏழை வீடு, வலது கோடியில் மிகப் பணக்கார வீடு, மற்ற எல்லோரும் நடுவில் எங்கோ. 50-க்கும் மேற்பட்ட நாடுகளில், 200-க்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் போய்ப் படம் எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அதே பொருள்கள்தான்: அடுப்பு, படுக்கை, கழிப்பறை, பல் துலக்குவது, வாசல் கதவு, பிள்ளைகளின் பொம்மை. நாட்டையும் பொருளையும் தேர்ந்தெடுத்தால் படங்கள் வருமான வரிசையில் வந்து நிற்கும். ஒரு வீட்டைத் தொட்டால் அந்தக் குடும்பத்தைப் பற்றிய குறிப்பும் அவர்கள் வீட்டின் மற்ற படங்களும் வரும்.

முதல் தடவை நான் அடுப்பைத்தான் பார்த்தேன். இடது பக்கம் மூன்று கல், விறகு, புகை பிடித்த சுவர். கொஞ்சம் நகர்ந்தால் கரி அடுப்பு, அப்புறம் சிலிண்டர், வலது கோடியில் அலமாரியோடு சேர்த்துக் கட்டிய அடுப்பு. நாட்டின் பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால் எது எந்த நாடு என்று சொல்வது கஷ்டம், வருமானம் எவ்வளவு இருக்கும் என்று சொல்வதுதான் சுலபம். இரண்டு நாடுகளை எடுத்துக்கொண்டு ஒரே வருமானமுள்ள வீடுகளைப் பாருங்கள், அவற்றுக்குள் அவ்வளவு ஒற்றுமை இருக்கும். ஒரே நாட்டின் இரண்டு கோடிகளைப் பாருங்கள், அதுதான் இரண்டு நாடுகள் போலத் தெரியும். சராசரி என்ற ஒற்றை எண் இத்தனை வருடங்களாக என்னிடமிருந்து மறைத்தது இதைத்தான், அதனால்தான் இந்தத் தளத்தை எல்லோரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்கிறேன்.

வருமானத்தைக் கணக்கிட்ட விதமும் எனக்குப் பிடித்தது. இன்றைய நாணய மாற்று விகிதத்தில் டாலராக மாற்றி எழுதிவிடவில்லை, வாங்கும் சக்தியை, அதாவது அந்தப் பணத்துக்கு அந்த ஊரில் எவ்வளவு வாங்க முடியும் என்பதைச் சரிசெய்துதான் போட்டிருக்கிறார்கள். இது மிக முக்கியம். சம்பளம் குறைவாக உள்ள நாட்டில் முடி வெட்டுவது, வீட்டு வாடகை, தையல் கூலி எல்லாமே மலிவு, ஏனென்றால் அவற்றில் பெரும்பகுதி உள்ளூர் உழைப்பும் உள்ளூர் நிலமும். மாற்று விகிதத்தை மட்டும் நம்பினால் ஏழை நாட்டுக் குடும்பம் உண்மையில் இருப்பதைவிட இன்னும் ஏழையாகத் தெரியும். வெளிநாட்டுச் சம்பளத்தைத் தங்கள் நாட்டுப் பணத்தில் பெருக்கிப் பார்த்து மகிழ்பவர்கள் மறப்பதும் இதையேதான், அந்தச் சம்பளம் செலவாகப் போவது அங்கே, அந்த ஊர் விலையில்.

சரி, குறைகளுக்கு வருவோம். இந்த வீடுகள் ஒரு நாட்டின் எல்லா வீடுகளையும் சரியான விகிதத்தில் காட்டுபவை அல்ல. சில நாடுகளுக்கு நிறைய வீடுகள், சிலவற்றுக்கு ஒன்றிரண்டுதான். அந்த ஒரு வீட்டை வைத்து நாட்டையே எடைபோடக் கூடாது. பல படங்கள் எடுத்தும் சில வருடங்கள் ஆகிவிட்டன, அதற்குள் விறகிலிருந்து கேஸுக்கு மாறிய குடும்பங்கள் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை, வீட்டுக்கு வெளியே இருக்கும் வாழ்க்கை இதில் வராது. நல்ல சோபாவும் பெரிய டிவியும் உள்ள வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்தால் அந்த வீட்டையே விற்க வேண்டிவருமா? இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக நடந்து வர முடியுமா? வேலை முடிந்து பிள்ளையோடு உட்கார நேரம் மிஞ்சுகிறதா, வயதான பிறகு ஓய்வூதியம் உண்டா? வாழ்க்கைத் தரம் என்று நான் நினைப்பதில் பாதி இங்கேதான் இருக்கிறது, அதற்குக் கேமரா போதாது.

அதனால் பக்கத்து ஜன்னலில் ஐநாவின் மனித வளர்ச்சிக் குறியீட்டையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தான் பொருளியல் அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று உருவாக்கி 1990-இல் வெளிவந்தது. சராசரி ஆயுள், கல்வி ஆண்டுகள், வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும். 2010 முதல் மூன்றின் பெருக்குச் சராசரியை (கூட்டி வகுக்காமல், மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுப்பது) எடுக்கிறார்கள், அதனால் பணம் நிறைய இருக்கிறது என்பதற்காகக் கல்வியில் உள்ள பள்ளம் முழுதாக மறைந்துவிடாது. அதே ஆண்டு, நாட்டுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் கழித்துப் போடும் இன்னொரு வடிவமும் வந்தது. ஒப்பிடும் இரண்டு நாடுகளுக்கும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்த நாட்டில் முதல் எண்ணைவிட இரண்டாவது எண் அதிகம் இறங்குகிறதோ அங்கே டாலர் ஸ்ட்ரீட்டின் இடது பக்க வீடுகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் குடியேற யோசிப்பவர்களுக்கு ஒரு விஷயம். அந்த நாட்டின் வலது கோடி வீட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கையில் வரப்போகும் வருமானத்தை வாங்கும் சக்திக்கு ஏற்ப மாற்றி, அந்த இடத்தில் இருக்கும் வீட்டைத் தேடுங்கள். பிறகு அதே குடும்பம் அடுத்து என்ன வாங்க ஆசைப்படுகிறது என்ற படத்தையும் பாருங்கள். நான் அதிக நேரம் நின்றது அந்தப் பகுதியில்தான்.