385 டாலருக்கு ஒட்டுப்போட்ட குதிரை: வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று காலை கடைசிப் பதிலும் வந்துவிட்டது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான், ஒரே வரி. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓவியம் தீட்டிய சின்னக் குதிரைச் சிலை ஒன்றை இணையத்தில் வாங்கி ஏமாந்தேன், போனது 385 டாலர்.

இந்தச் சிலைகளைச் சேர்க்கும் பைத்தியம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1998-இல் சூரிச் தெருக்களில் ஓவியர்கள் வர்ணம் தீட்டிய ஆளுயர மாட்டுச் சிலைகளை நிறுத்தினார்கள், மறுவருடம் சிகாகோவிலும் அதே திருவிழா. அதைப் பார்த்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் குதிரைகளை வைத்து ஒன்று தொடங்கினார்கள். அதிலிருந்து கையடக்கமாகப் பிறந்ததுதான் 'தி ட்ரெயில் ஆஃப் பெயின்டட் போனீஸ்' வரிசை. ஒரே வார்ப்பில் வந்த குதிரைகூட ஒவ்வொரு ஓவியர் கை பட்டதும் வேறு குதிரையாகிவிடும். ஒன்றின் முதுகில் நவஹோ பழங்குடியினரின் கம்பளக் கோலம் இருக்கும், இன்னொன்று பியூப்லோ பழங்குடியினரின் மண்பானை போலக் கறுப்பில் கறுப்பாக மின்னும். கூடவே ஓவியர் யார், எதைப் பார்த்து இப்படி வரைந்தார் என்று சொல்லும் சின்ன அட்டை ஒன்று வரும். உண்மையைச் சொன்னால் எனக்குக் குதிரையைவிட அந்த அட்டை மேல்தான் ஆசை. அந்த ஆசைதான் என்னைக் கவிழ்த்தது.

இந்த மாதிரி ஓவியக் குதிரைகளில் நான் நெடுநாளாகத் தேடியது லெட்ஜர், அதாவது கணக்குப் பேரேட்டுப் பாணிக் குதிரை ஒன்றை. அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகள் போரையும் வேட்டையையும் முன்பு காட்டெருமைத் தோலில் வரைந்துவந்தார்கள். காட்டெருமைகளை வெள்ளையர் கொன்று தீர்த்த பிறகு தோலுக்கு எங்கே போவது? கணக்குப் பேரேட்டுத் தாள்களில் வரைந்தார்கள், பற்று வரவுக் கோடுகளுக்கு மேலேயே. 1875-இல் ஃப்ளோரிடாவின் மரியன் கோட்டைக்குக் கைதிகளாகக் கொண்டுபோகப்பட்ட ஷயென், கயோவா வீரர்கள் மூன்று வருடம் அங்கே அப்படி வரைந்து தள்ளினார்கள். நான் தேடிய குதிரையின் உடம்பே ஒரு பேரேட்டுத் தாள்: மங்கிய மஞ்சள், அதில் நீலக் கோடு, கோட்டின் மேல் சின்னச் சின்னக் குதிரைவீரர்கள். கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம், குதிரைக்குப் பார்வை கூர்மையாகும் என்று போருக்கு முன் போடுவார்களே, அது. தோளில் ஒரு கைத்தடம்.

பழைய சேகரிப்புப் பொருள்களைத் தனி ஆட்கள் விற்கும் ஒரு இணையச் சந்தையில் அது கண்ணில் பட்டது. முதல் பதிப்பு, குறைந்த எண், பெட்டியும் அட்டையும் உண்டு, கீறல்கூட இல்லை என்று விற்பவன் போட்டிருந்தான். விலை 385 டாலர். நான் தயங்கி, "இந்தக் குதிரையைப் பற்றி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டேன். இரவு பதினொரு மணிக்கு ஒரு நீண்ட பதில். மரியன் கோட்டை, கைதிகள், சுற்றுலா வந்தவர்களுக்கு அவர்கள் படம் விற்றது எல்லாம் எழுதி, கடைசியில் "இது அம்மாவின் சேகரிப்பு, அருமை தெரிந்தவரிடம் போனால் போதும்" என்று முடித்திருந்தான். அந்த ஒரு வரியில் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா? சந்தையின் கட்டணம் மிச்சமாகுமே, பணத்தை வெளியே அனுப்பிவிடுங்கள் என்றான். பணம் அனுப்பும் செயலியில் 'நண்பருக்கு' என்று போட்டு நானே, என் கையாலேயே, அனுப்பினேன். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்தவள் நான், அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கக்கூட இல்லை.

பெட்டி வந்தது. பிரித்ததும் மனம் குளிர்ந்ததென்னவோ நிஜம். அப்புறம் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பினேன். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே மட்டும் வர்ணம் பளபளத்தது, மற்ற இடமெல்லாம் மங்கல். நகத்தால் தடவினால் மோதிரம் போட்டது போல ஒரு மேடு. புற ஊதா டார்ச்சை அடித்தேன், அந்த இடம் மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தது. கால் உடைந்து, பசை வைத்து ஒட்டி, மேலே வர்ணம் பூசியிருக்கிறார்கள். கழுத்தில் நீலக் கோடுகள் இரண்டு பாதியில் நின்றுவிட்டன, அங்கேயும் பூச்சு. அடியில் எண் இருக்க வேண்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பேனாவால் எழுதியிருக்கிறது. ஈரவிரல் பட்டதும் கடைசி இலக்கம் என் விரலில் ஒட்டிக்கொண்டது. கதை அட்டையைப் பிரித்தேன். அவன் இரவு பதினொரு மணிக்கு எனக்கு உருகி உருகி எழுதியது முழுக்க அதில் அச்சாகி இருந்தது, வார்த்தை மாறாமல். அம்மா மட்டும்தான் அவன் சொந்தச் சரக்கு.

கேட்டேன். முதலில் "கூரியரில் உடைந்திருக்கும்" என்றான். கூரியர்காரன் பசை வைத்து ஒட்டி வர்ணமும் பூசிக் கொடுப்பானா? அடுத்து "நீங்களே உடைத்துவிட்டு இப்படிச் சொல்கிறீர்களோ" என்று வந்தது. அதற்குப் பிறகு பதிலே இல்லை. சந்தைக்கு ஒன்பது படங்கள் அனுப்பினேன். பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். செயலிக்காரர்கள் நண்பருக்கு அனுப்பியதற்குப் பாதுகாப்பு கிடையாது என்றார்கள். வங்கியில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள்தானே அனுமதி கொடுத்தீர்கள்?" என்றாள். ஆமாம், நான்தான். 385 டாலர். இதைச் சேர்க்க எனக்கு ஐந்து மாதம் ஆனது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது தெம்பில்லை. அடிப்பக்கப் படம் கேளுங்கள், அன்றைய தேதி எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கால், காது, வால் இந்த மூன்றும்தான் முதலில் உடையும், அங்கே பாருங்கள். சந்தைக்கு வெளியே ஒரு காசு அனுப்பாதீர்கள், 'நண்பருக்கு' என்று அனுப்பவே அனுப்பாதீர்கள். பெட்டி பிரிப்பதைக் காணொளி எடுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சந்தையை மறுபடி திறந்து பார்த்தேன். அதே படம், அதே "அம்மாவின் சேகரிப்பு", வேறொரு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. இந்த முறை 410 டாலர்.