முகம் செதுக்குவதா, தேர்ந்தெடுப்பதா?

எல்டன் ரிங் (2022), பால்டர்ஸ் கேட் 3 (2023) என்ற இரண்டு வீடியோ கேம்களிலும் ஆட்டம் தொடங்கும் முன்பே நம் பாத்திரத்துக்கு ஒரு முகம் கொடுத்தாக வேண்டும். வழிதான் வேறு.

எல்டன் ரிங்கில் மூக்கின் நீளம், தாடையின் அகலம், கண்களின் இடைவெளி என்று எல்லாவற்றுக்கும் நகர்த்துகோல் (ஸ்லைடர்) உண்டு. பொறுமைசாலிகள் தெரிந்த முகத்தையே அச்சு அசலாகக் கொண்டுவருவார்கள். மற்றவர்கள் கோல்களைக் கண்டபடி இழுத்து, நீலத் தோலும் கோணல் வாயுமாக ஒரு பூதத்தை இறக்கிவிட்டுச் சிரிப்பார்கள். நான் ஒருமுறை இரண்டு மணி நேரம் செதுக்கினேன். ஆட்டத்துக்குள் வெயிலில் வந்து நின்றதும் பாத்திரம் யாரோ மாதிரி இருந்தது. அப்புறம் நல்ல தலைக்கவசம் கிடைத்தது, முகமே மறைந்துபோனது!

பால்டர்ஸ் கேட் 3-இல் செதுக்கும் வேலையே இல்லை. ஆயத்தமாக உள்ள முகங்களில் ஒன்றை எடுத்து, முடி, கண் நிறம், தழும்பு, பச்சைகுத்தல் என்று மாற்றிக்கொள்ளலாம். சுதந்திரம் குறைவு, ஆனால் அசிங்கமாக வரவே வராது. உரையாடல்தோறும் முகம் திரையை நிறைப்பதால் அது முக்கியம். தலைக்கவசத்தை மறைக்கவும் வசதி இருக்கிறது.

மனம் மாறினால்? எல்டன் ரிங்கில் வட்டமேசை மண்டபம் என்ற இடத்தில் தோற்றத்தை மாற்ற ஒரு கண்ணாடி உண்டு. பால்டர்ஸ் கேட் 3-இல் மாயக்கண்ணாடி வெளியீட்டுக்குப் பிறகுதான் வந்தது. அதிலும் பாத்திரத்தின் இனத்தை (மனிதர், எல்ஃப் போன்றவை) மாற்ற முடியாது.

கேலிக்கு எல்டன் ரிங், கதைக்கு பால்டர்ஸ் கேட். என் ஓட்டு இரண்டாவதுக்கே.