ஆய்வகத்திற்கு வாங்கிய ஆந்த்ரசீன்: தரம் எப்படி?

நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஆந்த்ரசீன், ஆறு கார்பன் அணுக்களாலான பென்சீன் வளையங்கள் மூன்று நேர்வரிசையில் இணைந்த சேர்மமாகும். தூய நிலையில் நிறமற்றிருக்க வேண்டிய படிகங்கள், எங்கள் கல்லூரிக்கு வந்த குப்பியில் சற்றே மஞ்சளாக இருந்தன. நான்கு வளையங்கள் கொண்ட டெட்ராசீன் என்னும் ஒத்த சேர்மத்தின் கலப்பே இதற்கு வழக்கமான காரணம் என்பதால், புற ஊதா ஒளியில் ஆந்த்ரசீன் தரும் ஒளிர்வை அளக்கும் முன் எத்தனாலில் கரைத்து, மீண்டும் படிகமாக்கித் தூய்மைப்படுத்த வேண்டியிருந்தது. அதன்பின் புற ஊதா விளக்கின் கீழ் கரைசல் அருமையான நீல ஒளியைத் தந்தது; உருகுநிலையும் 216 பாகை செல்சியசை ஒட்டியே அமைந்தது. கரைசலை வெயிலில் வைத்தால் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகப் பிணைந்து அவ்வொளிர்வு மங்கிவிடும். மாணவர்கள் கையாளும் பொருளின் சீட்டில் இந்த எச்சரிக்கை இல்லாதது குறையே. அலிசரின் சாயத்திற்கு மூலப்பொருளான ஆந்த்ரகுவினோன் தயாரிக்கும் பயிற்சிக்கு இத்தரம் தாராளமாகப் போதும்; கதிர்வீச்சு பட்டதும் மினுங்கி அதைக் காட்டும் மினுக்குப் படிகம் வளர்க்க இதை வாங்க வேண்டாம்.