கன்சோல் வாங்கும் முன்: பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, ஸ்விட்சா?

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். இந்த விடுமுறைக்குக் கன்சோல், அதாவது டிவியில் கேம் விளையாடும் பெட்டி, வாங்கித் தருவதாக மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். எதை வாங்குவது என்று சொல்லும் பொறுப்பு மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது. கடையில் நின்று பார்த்தால் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் தெரியும். அதனால் வீட்டில் உட்கார்ந்து, அடுத்த ஐந்து வருடத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதிய பிறகுதான் எனக்கே ஒரு தெளிவு வந்தது.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 2020 நவம்பரில் வெளிவந்தவை. இரண்டிலும் இருப்பது ஏஎம்டி வடிவமைத்த எட்டு கோர் சிப், 16 ஜிபி நினைவகம். கிராஃபிக்ஸ் திறனில் எக்ஸ்பாக்ஸ் 12 டெராஃப்ளாப் (கணக்கிடும் வேகத்தின் அளவு), பிளேஸ்டேஷன் 10.28. கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் வேகத்தில் பிளேஸ்டேஷன் முந்துகிறது: அது விநாடிக்கு 5.5 ஜிபி, எக்ஸ்பாக்ஸ் 2.4 ஜிபி. ஒரே கேமை இரண்டிலும் ஓட்டினால் சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது. 

ஆனால் எக்ஸ்பாக்ஸின் மலிவு மாடலான சீரிஸ் எஸ் வேறு கதை. அதன் திறன் 4 டெராஃப்ளாப், நினைவகம் 10 ஜிபி. ஆரம்ப மாடலில் சேமிப்பிடம் 512 ஜிபிதான். இந்தியாவில் அறிமுகமானபோது விலை ரூ.34,990, சீரிஸ் எக்ஸைவிட ரூ.15,000 குறைவு. அந்தக் குறைவு வேறு வழியில் வந்து பிடிக்கும். 2023இல் பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் பிளேஸ்டேஷனுக்கு செப்டம்பரிலேயே வந்துவிட்டது. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் விளையாடும் வசதியை சீரிஸ் எஸ்ஸில் ஓட வைக்க முடியாமல் எக்ஸ்பாக்ஸ் பதிப்பு டிசம்பர் வரை தள்ளிப்போனது. கடைசியில் சீரிஸ் எஸ்ஸுக்கு அந்த வசதி இல்லாமலேயே வெளியிட்டார்கள். 1080பி (ஃபுல் எச்டி) டிவி வைத்திருப்பவர், ஒரு கன்சோலை மூன்று வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதவர் என்றால் சீரிஸ் எஸ் போதும். மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

சரி, இப்போது டிஸ்க். என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கனமானது. பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் டிரைவ் உள்ள மாடல் ரூ.54,990, டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் ரூ.44,990. பத்தாயிரம் மிச்சம் என்று கை தானாக டிஜிட்டல் பக்கம் போகும். ஆனால் சோனியின் சொந்தப் பெரிய கேம்கள் புதிதாக வரும்போது ரூ.4,999 விலையில் வருகின்றன. வருடத்துக்கு நான்கு என்று வைத்தாலும் ஐந்து வருடத்தில் இருபது கேம்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய். கன்சோலின் விலையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டிஸ்க்காக வாங்கி, முடித்ததும் பாதி விலைக்குக் கைமாற்றினால்கூட ஐம்பதாயிரம் திரும்பி வரும். டிஜிட்டலில், அதாவது இணையத்தில் இறக்கி, வாங்கியது உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். விற்க முடியாது, பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரவல் கொடுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. பிளேஸ்டேஷன் 4 கேம்களில் மிகப் பெரும்பாலானவை 5இல் அப்படியே ஓடும். 2018இல் வந்த காட் ஆஃப் வார் பழைய டிஸ்க்கைப் போட்டால் விநாடிக்கு 60 ஃபிரேமில், முன்பைவிட வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பழைய டிஸ்க்குகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகவே கிடைக்கின்றன. புதுக் கன்சோல் வாங்கிய முதல் வருடத்தைப் பழைய நல்ல கேம்களிலேயே ஓட்டிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன், ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் டிஸ்க் டிரைவ் உண்டு, முதல் எக்ஸ்பாக்ஸ் காலத்துக் கேம்கள் சிலவற்றைக்கூட அது ஓட்டும். அந்த விஷயத்தில் சோனியைவிட மைக்ரோசாஃப்டுக்குத்தான் என் மரியாதை. ஆனால் நான் ஏறி இறங்கிய கடைகளில் எக்ஸ்பாக்ஸ் டிஸ்க் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாக இருந்தது. வாங்க ஆள் இல்லாத டிஸ்க்கை எங்கே விற்பது?

எக்ஸ்பாக்ஸின் உண்மையான பலம் கேம் பாஸ். மாதச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்கள். பல வருடம் இதைவிட லாபமான ஏற்பாடு வேறு இல்லை என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் 2025 அக்டோபரில் கேம் பாஸின் உயர்ந்த வகையான அல்டிமேட் சந்தாவை அமெரிக்காவில் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக ஏற்றினார்கள், இங்கேயும் ஏறியது. அதோடு, எக்ஸ்பாக்ஸில் மட்டும் என்றிருந்த கேம்களும் வெளியே வர ஆரம்பித்துவிட்டன. ஃபோர்ஸா ஹொரைஸன் 5, கியர்ஸ் ஆஃப் வார் ரீலோடட் இரண்டும் 2025இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தன. அந்தப் பக்கத்துக் கேம்கள் இந்தப் பக்கம் வருகின்றன; இந்தப் பக்கத்திலிருந்து ஹெல்டைவர்ஸ் 2 போல ஒன்றிரண்டுதான் அங்கே போயிருக்கின்றன. ஒரே ஒரு கன்சோல் வாங்குகிறவருக்கு இது முக்கியமான செய்தி.

அப்புறம் ஸ்விட்சைத் தயாரிக்கும் நின்டெண்டோ. வீட்டில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தை இருந்தால் மேலே சொன்ன அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு இதைப் பாருங்கள். 2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2இன் திரை 7.9 அங்குலம். டிவியோடு இணைந்த டாக் என்ற தாங்கியில் சொருகினால் டிவியில், எடுத்தால் கையில். இரு பக்கமும் உள்ள ஜாய்கான் என்ற சின்னக் கன்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கொன்று கொடுத்தால் ரயில் பயணத்தில்கூட இருவர் விளையாடலாம். மின்வெட்டு வந்தாலும் விளையாட்டு நிற்காது. பிளேஸ்டேஷன் 5 ஓடும்போது 200 வாட் அளவுக்கு இழுப்பதால் சின்ன இன்வெர்ட்டர் திணறும்.

சிக்கல் என்னவென்றால் நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. எல்லாம் இறக்குமதிச் சரக்கு, வாரண்டி கடைக்காரர் வாய்ச்சொல்தான். எனக்கு ஒரு கடையில் ‘ஒரு வருடம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லித்தான் பழைய ஸ்விட்சை விற்றார்கள். ஏழாம் மாதம் இடது ஸ்டிக் தொடாமலேயே நகர ஆரம்பித்தபோது பழுதுக்கு முழுக் காசும் நான்தான் கொடுத்தேன். இந்த ஸ்டிக் கோளாறு உலகம் முழுக்க இருந்தது. 2020இல் நின்டெண்டோ தலைவர் ஃபுருகாவாவே வருத்தம் தெரிவித்தார். 

ஜப்பானில் இருக்கும் சொந்தக்காரரை வாங்கி வரச் சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே அறிமுகமானபோது 49,980 யென்னுக்கு விற்ற ஸ்விட்ச் 2 மாடல் ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும், ஜப்பான் கணக்கைத்தான் ஏற்கும். பல மொழி மாடல் அப்போது 69,980 யென். விலை குறைவாக இருக்கிறதே என்று முதலாவதை வாங்கிவிடாதீர்கள். மெமரி கார்டும் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் வகையாக இருக்க வேண்டும். பழைய கார்டில் கேம் ஏறாது.

கன்ட்ரோலர் பற்றி ஒரு வார்த்தை. பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில், கேமுக்குள் வில்லின் நாணை இழுத்தால் விரலுக்கு அடியில் பட்டன் இறுகும். கன்சோலோடு இலவசமாக வரும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் கேமில் அதை முதல் தடவை உணர்ந்தபோது அக்கா மகன் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் கைக்கு வாகாக இருக்கும், ஆனால் இன்னமும் இரண்டு ஏஏ பேட்டரி கேட்கிறது.

எதை வாங்கினாலும் ‘வெண்பா’ என்ற கேமை விளையாடிப் பாருங்கள். கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, தன் அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லியிலிருந்து தொடங்குகிறாள். 2023இல் வந்தது, 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. மூன்று கன்சோலிலும் கிடைக்கிறது. சிறிய கேம்தான். அக்கா அதுவரை கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. இதை மட்டும் முழுதாக முடித்தாள்.

அக்கா வீட்டுக்கு நான் சொன்னது டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5. வாங்கப் போகும்போது பெட்டியின் மேல் ‘டிஜிட்டல் எடிஷன்’ என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இரண்டு பெட்டியும் தூரத்தில் ஒன்று போலவே தெரியும். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். பழைய டிஸ்க் வாங்கினால் வெளிச்சத்தில் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய கீறல் பரவாயில்லை, நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறல் இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.