பழைய 911-க்கு ஏசி ஹோஸ் மாற்றியது: மதுரை வெயிலில் சில வருட அனுபவம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 1980-களின் போர்ஷே 911 காரெரா 3.2 இருக்கிறது, வருஷா வருஷம் பங்குனி முடிவதற்குள் ஏசிக்கு கேஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அந்தக் காசை இனி கேஸில் போடாதீர்கள். ஹோஸ் மொத்தத்தையும் மாற்றுங்கள். நான் 2022 கோடைக்கு முன்னால் மாற்றினேன், அதற்கப்புறம் இதுவரை கேஸ் ஏற்றவே இல்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் இதைச் சொல்கிறேன்.

இந்த வண்டிக்கு ஏன் இது இவ்வளவு முக்கியம் என்றால், ஏசி பாகங்கள் இருக்கிற இடம் அப்படி. இன்ஜின் பின்னால், கம்ப்ரசரும் அதோடு பின்னால். கேஸின் சூட்டை வெளியேற்றுகிற கண்டென்சர் இரண்டு: ஒன்று பின் மூடியில் இன்ஜினுக்கு நேர் மேலே, இன்னொன்று முன் மூக்குக்குக் கீழே தனி ஃபேனோடு. கூலிங் காயிலும் முன்னால்தான். வண்டியின் நீளமே 4.29 மீட்டர். கம்ப்ரசரிலிருந்து கிளம்புகிற கேஸ் பின் மூடிக்கு ஏறி, அங்கிருந்து இடது பக்கக் கதவுக்குக் கீழே ஓடி முன்னால் போய், இரண்டாவது கண்டென்சர், டிரையர் (கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிற குப்பி), கூலிங் காயில் எல்லாம் சுற்றி, திரும்பவும் அதே வழியாகப் பின்னால் வந்து சேர வேண்டும். சாதாரணக் காரில் எல்லாம் பானட்டுக்குள் முடிந்துவிடும், ஹோஸ் இரண்டு மூன்று முழம்தான். இதில் வண்டி நீளத்துக்கும் போக ஒன்று, வர ஒன்று. அத்தனையும் ரப்பர்.

அந்த ரப்பர்தான் பிரச்சினையே. எங்கள் ஏசி மெக்கானிக் ஒவ்வொரு வருஷமும் சோப்புத் தண்ணி அடித்து எல்லா ஜாயின்டையும் பார்ப்பார், ஒரு குமிழிகூட வராது. "அண்ணே, லீக்கே இல்லண்ணே, கேஸ் மட்டும் எப்படிப் போகுதுன்னு தெரியல" என்பார். அவர் சொன்னது பொய்யில்லை. ஜாயின்டில் லீக் இல்லை, ஹோஸின் முழு நீளத்திலும் ரப்பர் வழியாகவே கேஸ் கசிந்துகொண்டிருந்தது. பழைய ஹோஸ்களின் உள்ளே கேஸைத் தடுக்கிற நைலான் அடுக்கு கிடையாது. இந்த வண்டிகளுக்கு முதலில் போட்ட ஆர்-12 கேஸ் இருந்த காலத்தில் அதுவே கசியத்தான் செய்தது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. இப்போது அதற்குப் பதிலாக ஏற்றுகிற ஆர்-134ஏ கேஸின் மூலக்கூறு அதைவிடச் சிறியது, அதே ரப்பரில் சீக்கிரம் வெளியேறிவிடும். அதோடு, சூடு ஏற ஏற 134ஏ-வின் அழுத்தம் ஆர்-12-ஐ விட அதிகமாக ஏறும். நம்ம ஊர் மத்தியான வெயிலில், இன்ஜினுக்கு மேலே கண்டென்சர் வெந்துகொண்டிருக்கும்போது, முப்பது வருஷத்துக்கு மேலான ரப்பர் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆர்-12-க்கே திரும்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓசோனைக் கெடுக்கிற கேஸ்களை உலகமே நிறுத்திக்கொண்டு வந்தது, ஆர்-12-ம் அதில் ஒன்று, இந்தியாவிலும் 2010-க்குள் அதன் உற்பத்தி முடிந்துவிட்டது. எங்கேயாவது பழைய சிலிண்டர் கிடைத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அந்த வழியை விட்டுவிடுங்கள்.

வாங்க வேண்டியது பேரியர் ஹோஸ், அதாவது உள்ளே நைலான் அடுக்கு உள்ளது. மேலே எஸ்ஏஇ ஜே2064 (கார் ஏசி ஹோஸுக்கான தரக் குறியீடு) என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அளவு மூன்று வகை: கம்ப்ரசருக்குத் திரும்புகிற சக்‌ஷன் லைனுக்கு 10-ஆம் நம்பர், கம்ப்ரசரிலிருந்து கண்டென்சர்களுக்குப் போகிற லைனுக்கு 8, டிரையரிலிருந்து கூலிங் காயிலுக்கு 6. வெட்டித் தயாராக வருகிற வெளிநாட்டு செட்டும் உண்டு. ஆனால் நான் ஹோஸும் ஃபிட்டிங்கும் தனித்தனியாக வாங்கி, ஹோஸ் முனையில் ஃபிட்டிங்கை இங்கேயே மிஷினில் அழுத்திப் பொருத்த வைத்தேன், செலவு பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது.

அழுத்துகிற இடத்தில் கவனம் வேண்டும். கப்பலூர் பக்கம் ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தித் தருகிற கடைகளில் "இதையும் அதே மிஷின்லயே போட்டுரலாம் சார்" என்று சொல்வார்கள். ஏசி ஹோஸின் ஃபெரூல் (முனையைக் கவ்விப் பிடிக்கிற உலோக வளையம்) வேறு, அதை அழுத்துகிற டை, அதாவது மிஷினின் அச்சும் வேறு. ஹைட்ராலிக் டையில் போட்டால் ஒன்று உள்ளிருக்கும் நைலான் வெட்டுப்படும், இல்லை பிடிமானம் தளர்வாக நின்றுவிடும். பஸ் ஏசி வேலை பார்க்கிற பட்டறைகளில் சரியான டை இருக்கும், அங்கே போங்கள். இன்னொன்று, ஒல்லியான பேரியர் ஹோஸ் என்று தனி வகை உண்டு, அதற்கு அதற்குரிய ஃபிட்டிங்தான் சேரும். ஃபிட்டிங்கை வளைவோடு அழுத்தும் முன் எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்று வண்டியிலேயே வைத்துப் பார்த்து பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடையில் நின்று யோசித்தால் வராது.

கழற்றுவதுதான் இருப்பதிலேயே சிரமமான வேலை. எப்போதும் இரண்டு ஸ்பானர், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒரே ஸ்பானரை வைத்து நெம்பினால் கண்டென்சரின் குழாயே முறுக்கிக்கொள்ளும், அப்புறம் ஹோஸ் செலவு சின்ன விஷயமாகிவிடும். முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊறவிட்டுவிடுங்கள். பழைய ஹோஸைத் தூக்கிப் போடாதீர்கள், புதிதின் நீளத்துக்கு அதுதான் அளவுகோல். புதிதை இழுக்கும்போது இரண்டு முனையையும் மூடி வைக்க வேண்டும், மண்ணும் ஈரமும் உள்ளே போகக் கூடாது. பின்பக்கம் எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போகிற இடத்தில் சூடு தாங்குகிற உறை ஒன்று மாட்டினேன். தகரம் உரசுகிற இடங்களில் ரப்பர் வைத்த கிளாம்ப். இந்த இரண்டும் இல்லாமல் மாட்டினால் புது ஹோஸும் சீக்கிரம் போய்விடும்.

ஹோஸ் மாற்றுகிறபோதே டிரையரையும் மாற்றுங்கள், சிஸ்டத்தைத் திறந்தாலே அது ஈரம் குடித்துவிடும். ஜாயின்டுகளில் போடுகிற ஓ-ரிங் எல்லாம் 134ஏ-வுக்கான பச்சை நிற எச்என்பிஆர் ரப்பர், ஏசி ஆயில் தடவித்தான் போட வேண்டும். பழைய மினரல் ஆயில் 134ஏ-வோடு கலந்து ஓடாது என்பதால் கம்ப்ரசரில் இருந்ததை வடித்துவிட்டு எஸ்டர் ஆயில் ஊற்றினோம். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேக்கம் போட்டது, அதாவது உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்தது. மெக்கானிக் அவசரப்பட்டார், நான் விடவில்லை. கேஸின் அளவு ஆர்-12-க்குச் சொன்னதில் 80 முதல் 85 சதவீதம், அதற்கு மேல் ஏற்றினால் அழுத்தம் கூடுமே தவிர குளிர் கூடாது.

இப்போது நிலைமை எப்படி? விருதுநகர் நான்குவழிச் சாலையில் மத்தியானம் ஓட்டினாலும் வென்டில் 9, 10 டிகிரி நிற்கிறது. கொடைக்கானல் மலையில் வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போதும் நன்றாகவே இருக்கிறது, இன்ஜின் சுற்று அதிகமாக இருப்பதால் பின் கண்டென்சருக்குக் காற்று நன்றாகக் கிடைக்கிறது. ஊருக்குள் கதை வேறு. கோரிப்பாளையம் சிக்னலில் சிக்கினால் 16, 17 வரை ஏறிவிடும். பின் கண்டென்சருக்குத் தனி ஃபேன் கிடையாது, இன்ஜின் ஃபேன் இழுக்கிற காற்றை நம்பித்தான் இருக்கிறது, ஐடிலில் அது போதவில்லை. ஹோஸ் மாற்றினால் இது தீராது, அதை எதிர்பார்த்து மாற்றாதீர்கள். ஹோஸ் தருவது ஒன்றுதான்: ஏற்றிய கேஸ் உள்ளேயே நிற்கும். போன சித்திரையில் கேஜ் மாட்டிப் பார்த்தபோது அதிக அழுத்தப் பக்கம், குறைந்த அழுத்தப் பக்கம் இரண்டிலும் ஆரம்பத்தில் இருந்த அழுத்தம்தான் காட்டியது.

பராமரிப்பு அதிகம் இல்லை. மார்கழி, தை மாதங்களில்கூட வாரம் ஒரு முறை பத்து நிமிஷம் ஏசியைப் போட்டுவிடுகிறேன், ஆயில் ஓடினால்தான் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் காயாமல் இருக்கும். கோடைக்கு முன் வண்டியைத் தூக்கி கிளாம்புகளை மட்டும் ஒரு பார்வை.

அடுத்து முன் கண்டென்சரை பேரலல் ஃப்ளோ (பல குழாய்களில் ஒரே நேரத்தில் கேஸ் ஓடுகிற) வகைக்கு மாற்றி, ஃபேனையும் பெரிதாக்கப் போகிறேன், சிக்னல் சூட்டுக்கு அதுதான் வழி. ஹோஸ் அப்படியே இருக்கும். அந்தக் கண்டென்சரின் இரண்டு ஜாயின்டுக்கு ஓ-ரிங்கும், கூடவே ஒரு டிரையரும் மட்டும் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன்.