கடலா, கழிவா: சென்னையின் அடுத்த குடம் எங்கிருந்து?

2019 ஜூன் மாதம் எங்கள் தெருவில் லாரி வருவதற்கு முந்தைய இரவே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் ஒரு துணி முடிச்சு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், ஒவ்வொன்றிலும் 50,000 லிட்டர். மொத்தம் 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்றோம்.

அந்த ரயிலை அளவுகோலாக வைத்து ஒரு கணக்குப் போட்டேன். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013ல் தொடங்கிய கடல்நீர் ஆலை ஒரு நாளில் தரக்கூடியது 10 கோடி லிட்டர், அதாவது 100 எம்எல்டி (ஒரு எம்எல்டி என்பது நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர்). நாற்பது ரயில். அந்தக் கோடையில் நகருக்குக் கிடைத்த தண்ணீர் நாளுக்கு 525 எம்எல்டி வரை இறங்கியது. வீட்டுக்குள் போகும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவாக வெளியே வரும் என்று வைத்துத்தான் பொறியாளர்கள் சாக்கடைக் குழாய்களைத் திட்டமிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் அந்த வறட்சியிலும் நாளுக்கு 420 எம்எல்டி. 168 ரயில் தண்ணீர், பெரும்பாலும் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இந்த இரண்டு தொழில்நுட்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்குவது ஒன்று, நாம் விட்ட கழிவுநீரையே திரும்பத் தூய்மையாக்குவது இன்னொன்று.

ஒரே சவ்வு, வேறு அழுத்தம்

இரண்டுக்கும் இதயம் ஒன்றுதான். நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்ஓ பெட்டிக்குள் இருப்பதும் அதே மெம்பரேன், அதாவது சவ்வு வகைதான். தண்ணீரை விடும், உப்பை நிறுத்தும். இப்படி ஒரு சவ்வை நடைமுறைக்கு ஆகிற மாதிரி முதலில் செய்துகாட்டியவர்கள் சிட்னி லோப், ஶ்ரீனிவாச சௌரிராஜன் என்ற இருவர். 1950களின் கடைசியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில். சௌரிராஜன் என்ற பெயரைக் கேட்டதும் எனக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள்தான் நினைவுக்கு வந்தார். இந்தியாவில் பிறந்து அங்கே போனவர் இந்த விஞ்ஞானி சௌரிராஜன். நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இந்தப் பெயர் பெரிதாக வர வேண்டும் என்பது என் ஆசை.

வித்தியாசம் அழுத்தத்தில் வருகிறது. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்த உப்பு தண்ணீரைத் தன் பக்கம் பிடித்து இழுக்கிற இழுப்பு ஏறத்தாழ 27 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). அதை மீறி, சவ்வுக்கு அந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ள ஆலைகள் 55 முதல் 70 பார் வரை அழுத்தம் கொடுக்கின்றன. ஸ்கூட்டர் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கழிவுநீரிலோ கரைந்த உப்பு லிட்டருக்கு ஒரு கிராம் வாக்கில்தான். 10, 15 பார் போதும்.

மின்சாரக் கணக்கு இதிலிருந்து நேராக வருகிறது. ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க மூன்று முதல் நான்கு யூனிட். வெளியேறும் உப்புநீரின் அழுத்தத்தைப் பிடித்து உள்ளே வரும் நீருக்கே திருப்பித் தரும் கருவிகள் வந்த பிறகுதான் இந்த அளவுக்குக் குறைந்தது. இயற்பியலே விதித்திருக்கும் அடிமட்டம் ஒரு யூனிட் அளவில் இருக்கிறது, அதனால் இனி எவ்வளவு நல்ல சவ்வு வந்தாலும் பாய்ச்சல் பெரிதாக இருக்காது. வழக்கமாகச் சுத்திகரித்த கழிவுநீரை மேற்கொண்டு ஆர்ஓ வரை கொண்டுபோக ஒன்று, ஒன்றரை யூனிட்டில் முடிந்துவிடும்.

சிறிய வித்தியாசமாகத் தெரியலாம். நெம்மேலிக்கு அருகே பேரூரில் கட்டப்பட்டு வரும் 400 எம்எல்டி கடல்நீர் ஆலையை எடுத்துக்கொள்வோம். மூன்றரை யூனிட் வீதம், முழுத் திறனில் ஓடினால் நாளுக்கு 14 லட்சம் யூனிட். ஒரு நாளில் பத்து யூனிட் செலவழிக்கும் வீடுகள் ஒன்றே கால் லட்சத்துக்கும் மேல் ஓடக்கூடிய மின்சாரம் அது.

பணத்திலும் இது தெரியும். 2010ல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் முதல் பெரிய ஆலை தொடங்கியபோது ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும்படி ஒப்பந்தம். லாரித் தண்ணீருக்குக் கொடுத்த காசை நினைத்தால் மலிவு. ஏரித் தண்ணீரோடு வைத்துப் பார்த்தால் எட்டாத விலை.

மிச்சம் எங்கே போகிறது

நூறு லிட்டர் கடல்நீரில் 40, 45 லிட்டர்தான் நல்ல தண்ணீராகும். மற்றது ஏறக்குறைய இரட்டிப்பு உப்போடு கடலுக்கே திரும்பும். குழாயைத் தள்ளிப் போட்டு, பரவலாகத் தெளித்து விட்டால் கடல் அதைக் கலந்துகொள்ளும் என்பது பொறியாளர்கள் பக்கம். நெம்மேலி, சூளேரிக்காட்டுக் குப்பத்து மீனவர்கள் ஆலை வந்த பிறகு கரை அரிக்கிறது என்று புகார் சொன்னார்கள். படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் மணல் வேண்டும். நகரத்துக்குத் தண்ணீர் தரும் கரையில் இருப்பவர்கள் தங்கள் கரையை இழக்கக் கூடாது. எந்தச் செலவுக் கணக்கிலும் இது ஒரு வரியாகக்கூட வருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கழிவுநீர் பக்கத்தில் நூறு லிட்டருக்கு 75, 80 லிட்டர் மீட்கலாம். மிச்சமிருக்கும் அழுக்குச் செறிவான நீரை எங்கே விடுவது என்ற கேள்வி இங்கேயும் உண்டு, அளவு மட்டும் குறைவு.

இந்த மீட்பு விகிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வீட்டுக்குப் போகும் நீரில் 80 சதவீதம் கழிவாகிறது, அதில் 75 சதவீதத்தை மீட்டால் நூற்றுக்கு 60 திரும்ப வருகிறது. அந்த 60ல் 36 திரும்பும், 36ல் ஏறக்குறைய 22. இப்படியே போனால் ஒரு லிட்டர் தண்ணீர் இரண்டரை லிட்டர் வேலை செய்யும். முழு நகரத்துச் சாக்கடையும் குழாயில் சேர்ந்தால்தான் இது நடக்கும், இன்று அப்படிச் சேரவில்லை. பாதி நடந்தாலும் புது ஏரி வெட்டியதற்குச் சமம்.

சரி, கடலுக்கு இதில் ஒரு பெரிய மேன்மை இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மழை பொய்த்தாலும் கடல் வற்றாது. ஊருக்குத் தண்ணீர் குறைந்தால் கழிவும் குறையும், மீட்பதற்கும் குறைவாகவே இருக்கும். 2019ல் மீஞ்சூரும் நெம்மேலியும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் இன்னொரு 150 எம்எல்டி சேர்ந்தபோது தென்சென்னையில் இருக்கும் நான் மகிழ்ந்தேன், அதை மறைக்கவில்லை.

தொழிற்சாலைக்கு எது

இங்கே எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கழிவிலிருந்து மீட்ட நீர்தான்.

சென்னை இதில் நாட்டுக்கே முன்னோடி என்பது பலருக்குத் தெரியாது. 1990களிலேயே மணலியில் உரத் தொழிற்சாலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் கொடுங்கையூர் கழிவுநீரை வாங்கி, சொந்தமாக ஆர்ஓ வைத்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. வறட்சி அவர்களை அந்த வழிக்குத் தள்ளியது. 2019ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்எல்டி திறனில் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன, அதாவது வழக்கமாகச் சுத்திகரித்த கழிவுநீரை மேற்கொண்டு ஆர்ஓ வரை கொண்டுபோகிறவை. கொடுங்கையூர் நீர் மணலி பக்கத்துக்கு. கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு.

கொதிகலனுக்கும் குளிர்விப்புக் கோபுரத்துக்கும் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் பிரிவுக்கும் வேண்டியது ஒரே சீரான, உப்புக் குறைந்த நீர். கிணற்று நீர் கோடையில் ஒரு மாதிரி, மழைக்குப் பின் ஒரு மாதிரி இருக்கும். ஆர்ஓ நீர் வருடம் முழுக்க ஒரே மாதிரி. தொழிற்சாலை எடுக்காமல் விடும் ஒவ்வொரு லிட்டர் ஏரி நீரும் ஏதோ ஒரு குடத்துக்கு வந்து சேரும். 90 எம்எல்டி என்றால் நாளுக்கு 36 ரயில். இதைக் கேட்டுத்தான் என் மனம் முழுதாக இந்தப் பக்கம் சாய்ந்தது.

குடிக்க எது

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "சாக்கடைத் தண்ணியையா குடிக்கச் சொல்றே?" என்றார். முகத்தில் அவ்வளவு அருவருப்பு. அது நியாயமான கேள்வி. கழிவுநீரில் கிருமிகள் மட்டுமல்ல, நாம் விழுங்கும் மாத்திரைகளின் எச்சமும் தொழிற்சாலை ரசாயனங்களும் வரும். ஒற்றைச் சவ்வை நம்பி யாரும் குடிக்கத் தரக் கூடாது. நுண்வடிகட்டி, அப்புறம் ஆர்ஓ, அப்புறம் புற ஊதாக் கதிர் என்று ஒன்று தவறினால் இன்னொன்று பிடிக்கும்படி தடுப்புகள் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இடைவிடாத பரிசோதனையும் வேண்டும். பரிசோதனை முடிவை நாள்தோறும் மக்கள் பார்க்கும்படி வைக்காத எந்த அமைப்பையும் நான் நம்ப மாட்டேன்.

அப்படிச் செய்யும் ஊர்கள் இருக்கின்றன. நமீபியாவின் விண்ட்ஹோக்கில் 1968 முதல் கழிவிலிருந்து மீட்ட நீரைக் குடிநீரோடு கலக்கிறார்கள். சிங்கப்பூரில் 2003ல் மீட்ட நீர் நியூவாட்டர் என்ற பெயரில் வந்தது. பெரும்பகுதி தொழிற்சாலைக்குப் போகிறது, வறண்ட மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டி 2008 முதல் பெரிய அளவில் நிலத்தடிக்குள் செலுத்துகிறது.

"வீராணம் தண்ணி குடிக்கிறோமே அம்மா, அது எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன். 2004 முதல் சென்னைக்கு வரும் அந்த நீர் காவிரி. மேட்டூரிலிருந்து ஈரோடு, கரூர், திருச்சி எல்லாம் கடந்து கொள்ளிடத்தில் இறங்கி வடவாறு வழியாக ஏரிக்கு வருகிறது. வழியில் அத்தனை ஊர்ச் சாக்கடையும் அதில் சேர்கிறது. ஆறு என்ற பெயர் இருப்பதால் நமக்கு உறுத்துவதில்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏரியில விட்டு, மழைத்தண்ணியோட கலந்து வந்தா சரிதான். நேரா குழாயில வேணாம்" என்றார். உலகத்தில் பல பொறியாளர்கள் வந்து சேர்ந்த இடமும் அதுதான்.

ஓரத்தில் நிற்கும் மற்றவை

காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஐஐடி மெட்ராஸில் பிறந்த வாயுஜல் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. சென்னையின் புழுக்கத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு லிட்டருக்கே சுமார் 0.3 யூனிட் மின்சாரம், கடல்நீர் ஆலையைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. அலுவலகத்தில் கேன் தண்ணீருக்குப் பதிலாக வைக்கலாம், ஊருக்கு ஆகாது.

பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005ல் லட்சத்தீவின் கவரத்தியில் செய்தது இதைவிட அழகு. வெதுவெதுப்பான மேல்மட்டக் கடல்நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஆழத்துக் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிரவைத்து, நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர். சவ்வே இல்லை. கரையை ஒட்டியே ஆழம் கிடைக்கும் தீவுக்கு அது பொருந்தியது. நம் கரையில் அந்த ஆழத்துக்கு வெகுதூரம் போக வேண்டும். 2007ல் சென்னையிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி ஒரு மிதவையில் 10 லட்சம் லிட்டர் அளவில் சோதித்தும் பார்த்தார்கள்.

என் முடிவு எந்தப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். கடல் ஆலைகள் காப்பீடு. அவை இருக்கட்டும், பேரூரும் ஓடட்டும். ஏரிகள் நிரம்பிக் கிடக்கும் ஜனவரியில் அவற்றை முழு வேகத்தில் ஓட்டி மின்சாரத்தைக் கொட்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் ஐந்தாவதாக ஒரு கடல் ஆலைக்குப் பணம் ஒதுக்கும் முன், அந்தப் பணம் கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி, நெசப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போக வேண்டும். இன்று கடலிலிருந்து எடுக்க நம்மிடம் ஓடும் ஆலைகளின் திறன் 350 எம்எல்டி, பேரூர் சேர்ந்தால் 750. கழிவிலிருந்து மீட்க, கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் உள்ள அந்த இரண்டு மூன்றாம் நிலை ஆலைகளின் திறன் வெறும் 90. இந்த இடைவெளி எனக்குச் சரியாகப் படவில்லை.

கோயம்பேட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் வழியில்தான் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. சவ்வைக் கடந்து, தொழிற்சாலைக் கொதிகலனுக்கே தகுதியான தூய்மையில் அந்த நீர் தினமும் அந்தத் திசையில்தான் போகிறது. இன்னும் இரண்டு தடுப்புகளைச் சேர்த்து, நம்பகமான பரிசோதனைக் கூடம் ஒன்றையும் கட்டிவிட்டால், அதில் ஒரு பங்கை ஏரிக்குத் திருப்ப ஒரு கிளைக் குழாய் போதும்.