ஸ்டிக்கரா, பாராட்டா?

மழலையர் வகுப்பை வழிக்குக் கொண்டுவர ஆசிரியர்கள் அதிகம் நாடுவது இரண்டு வழிகள். ஒன்று, நன்றாக நடந்துகொண்டால் ஸ்டிக்கர். இன்னொன்று, செய்த காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்லும் பாராட்டு.

ஸ்டிக்கர் உடனே வேலை செய்யும், அதை மறுக்க முடியாது. சிக்கல் பிறகுதான் வரும். "எனக்கு ஏன் தரல?" என்று ஒரு அழுகை, "இதுக்கு என்ன தருவீங்க?" என்று ஒரு பேரம். 1973-இல் அமெரிக்க உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஏற்கெனவே விருப்பமாகப் படம் வரைந்த பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளுக்கு வரைவதில் இருந்த ஆர்வம் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை. ஆக, பரிசைவிட 'செஞ்சா தருவேன்' என்ற பேச்சில்தான் வினை இருக்கிறது.

பாராட்டு மெதுவாகத்தான் பலன் தரும். அதிலும் "வெரி குட்" என்று பொதுவாகச் சொன்னால் எதைச் செய்ததற்கு என்று பிள்ளைக்குப் புரியாது. "பொம்மைகளை நீயே கூடையில் எடுத்து வைத்துவிட்டாயே" என்றால் புரியும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை என்றால் பக்கத்தில் போய்ச் சொன்னால் போதும், கைதட்டல் வேண்டாம்.

என் ஓட்டு பாராட்டுக்கே. கைகழுவுவது போல, பிள்ளைக்கு இன்னும் விருப்பமில்லாத ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைக்க மட்டும் கொஞ்ச நாள் ஸ்டிக்கர் இருக்கட்டும். அப்புறம் படிப்படியாக நிறுத்திவிடலாம்.